தாயத்தும் தழைச்சாறும்

மஞ்சள் நிறத் தாள். ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலம். அதன்மேல் சிவப்பு மையில் தூரிகையால் இழுத்த கோடுகள். எழுத்துப் போலவும் தோன்றும், படம் போலவும் தோன்றும். சீன மொழியை நன்கு கற்றவரிடம் காட்டினாலும் முழுவதையும் படித்துச் சொல்ல அவரால் இயலாது. இதனைச் சீனர் 'ஃபூ' என்பர். கொரியாவிலும் ஜப்பானிலும் இதன் உறவுகள் உண்டு. நம் மொழியில் தாயத்துத் தாள் என்று சொல்லிக்கொள்வோம். வாசல் நிலையில் ஒட்டினால் பேய் அணுகாது. மடித்து உடம்பில் அணிந்தால் வழியில் தீங்கு நேராது. எரித்துச் சாம்பலை நீரில் கலக்கிக் குடித்தால் காய்ச்சல் தணியும் என்பது நம்பிக்கை.

"இது மூடநம்பிக்கை. ஒரு விஞ்ஞான இதழில் இதற்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தாயத்தின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. தாயத்து முறைகளை விரிவாக எழுதிவைத்த பழஞ்சீன ஆசிரியர் ஒருவர், முறைக்காய்ச்சலுக்கு ஒரு தழைச்சாற்றையும் எழுதிவைத்தார். அந்தத் தழைச்சாறு ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நோபல் பரிசுக்கு வழிகாட்டிற்று. ஒரே கை எழுதிய இரண்டில் ஒன்று பொய்த்தது; மற்றொன்று பலித்தது. அது ஏன் என்று அவருடைய நூல்களைக் கொண்டே ஆராய்வோம்.

தாளும் மையும்

முதலில் தாயத்து உருவாகும் விதத்தைக் காண்போம். பூசாரி நல்ல நாள் பார்த்து, நீராடி, ஊதுவத்தி ஏற்றி அமர்வார். சாதிலிங்கக் கட்டியைக் கல்லில் இழைத்து மை ஆக்குவார். மந்திரத்தை முணுமுணுத்தபடியே தூரிகையை எடுத்து, தயங்காமல் ஒரே மூச்சில் வரைவார். தலைப்பில் 'ஆணை' என்னும் பொருள்பட எழுதுவார். நடுவில் விண்மீன்களைக் கோட்டால் இணைத்த உருவமோ, இடி, பேய் முதலியவற்றைக் குறிக்கும் எழுத்துகளை முறுக்கி நீட்டிய வடிவமோ வரும். கடைசியில் முத்திரை இடுவார்.

இதில் வெறும் மாயம் என்று தள்ள முடியாத சில செய்திகளும் உண்டு. பழஞ்சீனர் சுவடித் தாளுக்கு மஞ்சள் ஏற்றியது அழகுக்காக மட்டுமன்று. 'ஹுவாங்போ' என்னும் மரத்தின் பட்டையை ஊறவைத்த சாயத்தில் தாளை நனைப்பார்கள். அந்தப் பட்டையில் பெர்பெரின் என்னும் பொருள் இருக்கிறது. நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மரமஞ்சளிலும் இருப்பது அதுவே. பூச்சி அரிக்காமல் தாளைக் காப்பதற்கு இம்முறையைக் கையாண்டனர். துன்ஹுவாங் குகையில் கிடைத்த சுவடிகள் பல இவ்வாறு சாயம் ஏற்றப்பட்டவை.

'ஃபூ' என்ற சொல்லுக்கும் முதலில் மந்திரத்தோடு தொடர்பு இல்லை. மூங்கிலாலோ உலோகத்தாலோ செய்த அடையாளச் சின்னம் ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அரசரும் மறுபாதியைப் படைத்தலைவரும் வைத்துக்கொள்வர். இரு பாதிகளும் பொருந்தினால்தான் படை நகரும். அந்தச் சின்னத்தின் பெயரே ஃபூ. ஹான் காலத்து அரசு அலுவலகக் கடிதங்களின் முடிவில், 'சட்டப்படி உடனே நிறைவேற்றுக' என்னும் பொருளுடைய தொடர் ஒன்று வரும். தாயத்து மந்திரங்களும் அதே தொடரில்தான் முடிகின்றன. ஆகவே தாயத்து என்பது பேய்க்கு அனுப்பிய அரசாணை. அதிகாரியின் ஓலைக்கு ஊர் நடுங்குவதைக் கண்ட மக்கள், நோய்க்கும் ஓர் ஓலை அனுப்பிப் பார்த்தார்கள் எனலாம். மனிதர் ஆணைக்கு அஞ்சுவர். காய்ச்சலுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

கெ ஹோங்கின் இரு நூல்கள்

நம் ஆசிரியரின் பெயர் கெ ஹோங். கி.பி. 283 அளவில் சீனத்தின் கிழக்குப் பகுதியில், இன்றைய ஜியாங்சு மாநிலத்தைச் சேர்ந்த ஜூரோங்கில் பிறந்தார். பிற்காலத்தில் தெற்கே குவாங்டோங்கிலுள்ள லுவோஃபு மலையில் தங்கி ரசவாதம் பயின்றார். அவர் எழுதியவற்றில் இரண்டு நூல்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று 'பாவோபூட்ஸு'; சாகாநிலை அடைவது எப்படி என்பதைப் பேசுவது. மற்றொன்று அவசர மருத்துவக் கையேடு; சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு போகத்தக்க சிறு நூல் என்பதைப் பெயரிலேயே சொல்வது. மருத்துவரைத் தேடிப் போக வசதியற்ற ஏழைகளுக்கு, எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எழுதப்பட்டது.

'முதல் நூல் மூடநம்பிக்கை; இரண்டாவது நூல் விஞ்ஞானம்' என்று பிரித்துவிட நமக்கு ஆசை எழும். நூல்கள் அதற்கு இடம் தரவில்லை.

பாவோபூட்ஸுவின் 17-ஆம் அத்தியாயம் மலை ஏறுவோருக்கும் ஆறு கடப்போருக்கும் எழுதியது. பீச் மரப் பலகையில் சாதிலிங்கத்தால், பலகை நிறையும்படி பெரிதாகத் தாயத்து எழுதி, கதவிலும் நாற்றிசையிலும் மூலைகளிலும் மாட்டவேண்டும் என்கிறது. தாயத்துகளின் படங்களும் உண்டு. அதே அத்தியாயத்தில் மணல் பேன் என்னும் பொருள்படும் பெயருடைய ஒரு சிற்றுயிரைப் பற்றி அவர் எழுதுவதைக் கவனியுங்கள். அது மயிர் நுனி அளவே இருக்கும், மழைக்குப் பின்னும் காலை மாலை வேளைகளிலும் நடப்பவர் மேல் தொற்றும், தோலுக்குள் புகும், முள் குத்தியது போல் வலிக்கும், ஊசியால் எடுத்து நகத்தின்மேல் வைத்தால் செக்கச்சிவந்து ஊர்ந்து செல்லும், எடுக்காவிட்டால் ஆளைக் கொல்லவும் கூடும்.

இது அப்பட்டமான களக் குறிப்பு. ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்னும் காய்ச்சல் பரவுகிறது என்பதை இன்று அறிவோம். தமிழ்நாட்டு மருத்துவர்களும் அடிக்கடி காணும் நோய் அது. அந்த இளம்பருவ உயிரின் நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். உருப்பெருக்கி இல்லாத காலத்தில் அதை நகத்தில் வைத்துப் பார்த்த கண்ணும் தாயத்துப் பலகை எழுதிய கண்ணும் ஒன்றே.

பிறர் மூடநம்பிக்கையைச் சிரித்தவர்

இன்னும் வியப்பு இருக்கிறது. அதே நூலின் 9-ஆம் அத்தியாயத்தில் கெ ஹோங் ஒரு கதை சொல்கிறார். உழவன் ஒருவன் நிலத்தில் கண்ட பிளம் கன்று ஒன்றைத் தோண்டி, வேரில் ஈர மண் அப்பி, ஒரு முசுக்கொட்டை மரப்பொந்தில் வைத்தான். எடுக்க மறந்து வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். பொந்தில் பிளம் முளைத்திருப்பதைக் கண்ட ஊரார் தெய்வம் என்றனர். கண் வலிக்காரன் ஒருவன் அதன் நிழலில் இளைப்பாறி, கண் குணமானால் ஒரு பன்றிக்குட்டி தருவதாக வேண்டிக்கொண்டான். தற்செயலாகக் கண் குணமாயிற்று. செய்தி பரவப் பரவ, குருடருக்கே பார்வை தரும் மரம் என்றாகிவிட்டது. வண்டிகள் நெருக்க, மதுவும் இறைச்சியும் குவிந்தன. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிய உழவன், 'இது நான் வைத்த கன்று' என்று சொல்லி வெட்டினான். அத்தோடு தெய்வமும் போயிற்று.

எவ்வளவு கூர்மையான பார்வை! தற்செயலாகக் குணமான ஒரு நோயாளி, மிகைப்படுத்திய வதந்தி, நம்பிக்கை: மூன்றும் எவ்வாறு அடுத்தடுத்து நிகழ்கின்றன என்பதை 4-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார்.

ஆனால் தம்முடைய தாயத்துக்கு வரும்போது இந்தக் கத்தியை அவர் உறையில் போட்டுவிடுகிறார். 'இக்காலத்தார் தாயத்து எழுதினால் பலிப்பதில்லையே' என்ற கேள்வியை 19-ஆம் அத்தியாயத்தில் அவரே எதிர்கொள்கிறார். அவர் தரும் விடை என்ன? நெடுங்காலமாகப் படியெடுத்து வந்ததில் எழுத்துப் பிழைகள் மலிந்துவிட்டன; சில படிகளுக்குள் மீனைக் குறிக்கும் எழுத்துகூட வேறோர் எழுத்தாகிவிடும்; பயன்படுத்துவோரின் நம்பிக்கையும் உறுதியாக இல்லை; ஆகவே பலிக்கவில்லை.

இந்த விடையை நிறுத்துப் பாருங்கள். படியெடுக்கும்போது பிழை நேரும் என்பது உண்மை. ஆனால் பலித்தால் தாயத்தின் பெருமை, பலிக்காவிட்டால் எழுத்தரின் பிழை என்றால், தாயத்து தவறு என்று என்றாவது தெரியவருமா? எந்த நிகழ்ச்சியாலும் தோற்காத கருத்து வலிமையானது போலத் தோன்றும். உண்மையில் அது சோதனைக்கு வராமல் ஒளிந்துகொண்ட கருத்து.

இதே தந்திரத்தைச் சீனரில் ஒருவர் முன்பே பதிவு செய்திருக்கிறார். கி.பி. 184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கலகத்தை நடத்திய ஜாங் ஜுவே என்பவர், நோயாளிகளைத் தம் குற்றங்களை நினைத்து வருந்தச் சொல்லி, தாயத்து கலந்த நீரைக் குடிக்கக் கொடுப்பார். 3-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூ ஹுவான் இதை எழுதும்போது ஒன்றைக் குறிப்பிடுகிறார்: சில நாள்களிலேயே தேறியவரை 'நம்பிக்கை உள்ளவர்' என்றார்களாம்; தேறாதவரை 'நம்பிக்கை இல்லாதவர்' என்றார்களாம். பலியான நோயாளியின் தலையிலேயே பழியும் ஏறிற்று. இதனை விடக் கொடிய மருத்துவம் உண்டா?

சிலந்தியின் புகழ்

இனி மருத்துவக் கையேட்டைத் திறப்போம். முறைக்காய்ச்சலுக்கான பகுதியில் 40-க்கு மேற்பட்ட முறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இது: சிலந்தி ஒன்றைப் பிடித்து நாணல் குழாயில் அடைத்துக் கழுத்தில் கட்டவேண்டும், காய்ச்சல் வரும் வேளை கடந்தபின் அவிழ்த்துவிடலாம். இன்னொன்று: சோயா மொச்சையை இரண்டாக உடைத்து, ஒரு பாதியில் சூரியன் என்றும் மறுபாதியில் சந்திரன் என்றும் எழுதி, சூரியனை நோக்கி நின்று, பிறர் அறியாமல் விழுங்கவேண்டும். தாளுக்குப் பதில் மொச்சை. மற்றபடி இதுவும் தாயத்தே.

சிலந்திக்கு எப்படிப் புகழ் வந்திருக்கும்? மலேரியாவின் இயல்பே விடை தருகிறது. விவாக்ஸ் வகை ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகி, சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றை உடைத்து வெளிவரும். அப்போது குளிர் நடுக்கம், பிறகு கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்வை. சில மணி நேரத்தில் எல்லாம் தானே அடங்கும். மறுநாள் நோயாளி எழுந்து நடமாடுவார். இப்படி முறை வைத்து வருவதால்தான் முறைக்காய்ச்சல் என்று பெயர். காய்ச்சலுக்குச் சற்று முன் சிலந்தியைக் கட்டி, வேளை கடந்ததும் அவிழ்த்தால், ஒவ்வொரு முறையும் சிலந்திக்கே வெற்றி! பிளம் மரத்தடியில் நடந்ததும் இதுவே. கெ ஹோங் அங்கே கண்டார், இங்கே காணவில்லை.

இந்த ஏமாற்றம் விளையாட்டன்று. ஃபால்சிபாரம் வகை மலேரியாவாக இருந்தால், தாயத்தை நம்பிக் காத்திருக்கும் இரண்டொரு நாளில் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

1971 அக்டோபர் 4

அந்த நாற்பது முறைகளின் நடுவே, சற்றும் ஆரவாரமில்லாமல் ஒன்று இருக்கிறது. 'சிங்ஹாவ்' என்னும் செடி ஒரு பிடி எடுத்து, இரண்டு படி நீரில் ஊறவைத்து, பிழிந்த சாறு முழுவதையும் குடிக்கவேண்டும். மந்திரம் இல்லை, திசை இல்லை. இது நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த செடி.

1967 மே 23 அன்று சீன அரசு மலேரியா மருந்து தேடும் இரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அந்தத் தேதியை ஒட்டி 523 என்று அதற்குப் பெயர். 1969-இல் பீகிங் ஆராய்ச்சியாளர் தூ யூயூ அம்மையார் அப்பணியில் சேர்ந்தார். அவருடைய குழு பழைய குறிப்புகள் 2,000-க்கு மேல் திரட்டி, அவற்றில் 640-ஐத் தேர்ந்து தொகுத்தது. சாறுகளை எடுத்து, மலேரியா ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. சிங்ஹாவ் ஒருமுறை நல்ல பலன் காட்டியது, மறுமுறை ஏமாற்றியது.

இப்போது அம்மையார் முன் இரண்டு வழிகள் இருந்தன. கெ ஹோங் தாயத்துக்குச் சொன்னது போல, 'ஏதோ பிழை நேர்ந்தது' என்று சொல்லி நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அல்லது, எந்தப் பிழை என்று கண்டுபிடித்து, அதைத் திருத்தினால் பலன் வருகிறதா என்று பார்க்கலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். கெ ஹோங்கின் குறிப்பை மீண்டும் படித்தபோது ஒன்று உறைத்தது: மற்ற மூலிகைகளைப் போல இதைக் காய்ச்சச் சொல்லவில்லை, ஊறவைத்துப் பிழியத்தான் சொல்லியிருக்கிறது. வெப்பம் மருந்துப் பொருளை அழிக்கிறதோ? எனவே சுமார் 35 டிகிரி வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார்கள். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆம் எண்ணுள்ள மாதிரி, எலிகளின் இரத்தத்திலிருந்த ஒட்டுண்ணிகளை 100 சதவீதம் ஒழித்தது. 1972-இல் அம்மையாரும் தோழர்களும் தாங்களே உட்கொண்டு பார்த்து, பின் ஹைனான் தீவில் 21 நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அவ்வாண்டே தூய பொருளும் படிகமாகப் பிரிந்தது. அதுவே ஆர்ட்டிமிசினின். அதன் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்த ஒரு பாலம் இருக்கிறது. ஒட்டுண்ணி தின்னும் இரத்தத்தின் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, அதில் பிறக்கும் வீரியமிக்க துணுக்குகள் ஒட்டுண்ணியைக் கொல்கின்றன. 2015-இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'பார்த்தீர்களா, பழையவர் எல்லாம் அறிந்திருந்தனர்!' என்று உடனே ஒரு குரல் எழும். அவசரப்படவேண்டாம். அந்தப் பக்கத்தில் சிலந்தியும் மொச்சையும் தழைச்சாறும் அக்கம்பக்கமாகவே இருந்தன. எது மருந்து என்று நூல் சொல்லவில்லை, எலிகள் சொல்லின. வாசகரே, இதைப் படித்துவிட்டு அந்தச் செடியை ஊறவைத்துக் குடிக்கவும் முற்படவேண்டாம். சாற்றில் மருந்தின் அளவு நிலையாக இராது. குறைந்த அளவு மருந்து நோயைத் தீர்க்காது; மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகளையே வளர்க்கும். அத்தகைய ஒட்டுண்ணிகள் 2008-க்குப் பின் கம்போடியாவில் அறியப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் ஆர்ட்டிமிசினினை வேறொரு மருந்துடன் சேர்த்தே தரச் சொல்வதும் இதனால்தான்.

புகையில் இருப்பது என்ன?

தாயத்துக்கு வருவோம். 'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே. மனத்துக்கு ஆறுதல்தானே' என்பர் சிலர். வாசலில் ஒட்டிய தாளைப் பொறுத்தவரை அதை மறுக்க வேண்டியதில்லை. அச்சத்தோடு இருப்பவருக்கு ஆறுதல் சிறிய பொருள் அன்று. எரித்துக் குடிக்கும் தாள் வேறு.

சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கூட்டுப்பொருள். அதன் எடையில் 86 சதவீதம் பாதரசம். கட்டியாக இருக்கும்போது நீரில் எளிதில் கரையாது. நெருப்பில் இட்டாலோ கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து பிரிய, பாதரசம் ஆவியாகிறது. ஒரு தாளில் 50 மில்லிகிராம் சாதிலிங்கம் இருப்பதாகக் கொள்வோம். அதில் பாதரசம் 43 மில்லிகிராம். 30 கன மீட்டர் கொண்ட அடைத்த அறையில் அத்தனையும் ஆவியானால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1,400 மைக்ரோகிராம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் காற்றுக்கு வகுத்த வழிகாட்டு அளவோ ஆண்டுச் சராசரியாக 1 மைக்ரோகிராம். முழுவதும் ஆவியாகாது, சன்னல் வழியே வெளியேறும் என்று பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் அளவு மிகையே. மூச்சில் போகும் பாதரச ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடலில் தங்கிவிடும். நரம்பு மண்டலத்தைத் தாக்கும். சிவப்பு மை எல்லாம் சாதிலிங்கம் அல்ல. மலிவான சாயமாகவும் இருக்கலாம். ஆனால் 'உண்மையான' தாயத்து என்று அதிக விலை கொடுத்து வாங்குபவரே அதிக ஆபத்தை வாங்குகிறார்.

கெ ஹோங்குக்கு இந்த வேதியியல் தெரியும். சாதிலிங்கத்தை எரித்தால் பாதரசம் வரும், மீண்டும் அதைச் சாதிலிங்கமாக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். இறந்து பிறக்கும் அப்பொருளே மனிதனைச் சாகாதவனாக்கும் என்று முடிவு கட்டினார். செயல்முறை சரி; முடிவு தவறு. தாங் மரபு மன்னர்களில் 846-இல் இறந்த வூட்சோங்கும் 859-இல் இறந்த ஷுவான்ட்சோங்கும் இத்தகைய அமுத மருந்துகளுக்குப் பலியானவர்கள் என்று கருதப்படுகிறது. 1900-இல் அந்நியரை எதிர்த்துக் கிளம்பிய பாக்ஸர் கலகக்காரர்களுள் பலர், தாயத்துச் சாம்பலை விழுங்கினால் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பிப் போர்முனைக்குச் சென்றனர். அந்தச் சோதனையின் முடிவை எழுதத் தேவையில்லை.

நம் மதிப்பீடு

கெ ஹோங்கை என்னவென்று சொல்வது? மூடர் என்றால் மணல் பேனைக் கண்ட கண்ணுக்கும் பிளம் மரக் கதை எழுதிய கைக்கும் அநீதி செய்வோம். விஞ்ஞானி என்றால் சாதிலிங்கத்துக்குப் பலியானவர்களுக்கு அநீதி செய்வோம். அவர் உற்றுப் பார்த்தார். நேர்மையாகப் பதிவு செய்தார். பிறர் நம்பிக்கைகளைச் சோதித்தார். தம் நம்பிக்கையை மட்டும் சோதிக்கவில்லை. குறை அறிவில் இல்லை. அறிவைத் தம் பக்கம் திருப்பாமையில் இருந்தது.

இந்தக் குறை நமக்கு இல்லை என்று சொல்லமுடியுமா? அயலார் தாயத்தைக் கண்டு சிரிப்பது எளிது. நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு மருந்தையோ வழக்கத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது இல்லாமலே நோய் தானாகத் தணிந்திருக்குமா? பலிக்காதவர்களின் கணக்கை யாராவது வைத்திருக்கிறார்களா? எது நிகழ்ந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வோம்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், கையில் இருப்பது எவ்வளவு பழையதானாலும் அது மஞ்சள் தாள்தான். விடை இருந்தால், அதைச் சோதனைச் சாலைக்கு அனுப்பத் தயங்கவேண்டாம். ஒரு பிடித் தழை அப்படித்தான் உலகத்துக்கு மருந்தாயிற்று.